முழுக்கைச் சட்டைக்குள் இருந்த சொற்கள்

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கஞ்சியை அம்மா திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். மழையில் வாசலிலேயே நின்றாள். பாத்திரத்தை வாங்கினேன். இன்னும் சூடு ஆறவில்லை. முருகேஸ்வரி அக்கா போய்விட்டாள் என்று அந்தச் சூடுதான் எனக்குச் சொன்னது.

ஓட்டலில் அவளோடும் அம்மாவோடும் அறை சுத்தம் செய்கிற அக்காமாரே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். ஜன்னலில் விழும் தெருவிளக்கில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

அவள் உடலைக் குளிப்பாட்டும்போது இடது கையில் பேனாவால் எழுதியிருந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தீர்கள். "எவனோ ஒருத்தன் பேருல்லா" என்று யாரோ சொல்ல, அந்தப் பேச்சு சாலைக் கடைத்தெரு வரை போய்விட்டது. சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், பதினாறாம் நாள் காரியத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அது யாருடைய பேரும் இல்லை.

இந்த வருடம்தான் நான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினேன். வகுப்பில் வாய் திறக்கவே பயம். அக்காவோ ஆறாம் வகுப்போடு நின்றவள். "ரெண்டு பேருமா படிப்போம்ட்டி. நீ டிக்சனரி பாரு, வார்த்தைய நான் கொண்டாரேன்" என்றாள். அறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே வரக்கூடாது, வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் சோப்பு உறையிலும், விருந்தினர் விட்டுப்போன தாள்களிலும் கண்ட சொற்களை முழுக்கைச் சட்டைக்குள், தன் கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.

மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சட்டைக்கையைச் சுருட்டுவாள். லாவெண்டர், பில்லோ, ஹார்பர். வியர்வையில் மை கரைந்து, சின்ன நீல ஆறுகளாக முழங்கை வரை ஓடியிருக்கும். அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவேன். பிறகு என் கனவில் நான் பார்த்தே இராத அறைகள் வரும். வெள்ளைத் திரை அசையும். தலையணையும் விளக்கும் தங்கள் பெயர்களை ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகச் சொல்லும்.

ஒருநாள் 'தொந்தரவு செய்யாதீர்' என்று ஆங்கிலத்தில் அட்டை எழுதி எங்கள் கதவில் மாட்டிவிட்டாள். வேலை முடிந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "டவல் மாத்தணுமா மேடம்?" என்று கேட்டாள். மூன்று பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

'நைஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் சத்தமில்லாத ஒரு 'கே' நிற்பதைக் காட்டியபோது அக்கா சிரிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மள மாரிதாம்ட்டி. ரூமுக்குள்ளதான் நிக்கோம், யாராச்சும் கூப்பிடுதாவளா? ஆனா விட்டுட்டா தப்பாயிரும், கேட்டோ" என்றாள். அதன்பிறகு அந்த எழுத்தை நான் விட்டதே இல்லை.

காய்ச்சல் தொடங்கிய அன்று அவள் கொண்டுவந்தது ஒரே சொல். பொன்முடி மலைப் படம் போட்ட தாளில் இருந்ததாம். மிஸ்ட். மூடுபனி. "இன்னிக்கு நோட்டுல ஏத்தாண்டாம், தலை சுத்துது. நாளைக்குப் பாப்போம்" என்று சட்டைக்கையை இறக்கிவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி. அதற்கு மறுநாள் அந்தக் கஞ்சி.

உங்களிடம் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "வாய மூடிட்டு இரு. கெஸ்ட்டோட பேப்பர அவ வாசிச்சு நமக்குக் கொண்டாந்தான்னு தெரிஞ்சா எஞ்சோலியும் போயிரும். செத்தவளுக்கு என்ன, இருக்கவ நான்லா" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

அம்மாவுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனாலும் நோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பள்ளிக்குப் போகும் வழியில் உங்களில் வள்ளி அக்கா வீட்டில் கொடுப்பேன். பதினாறாம் நாளுக்கு முன் அவள் அண்ணனுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

நோட்டில் ஏறாத அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இப்போதுதான் என் இடது கையில் எழுதினேன். அக்காவின் சட்டைக்கு முழுக்கை. என் பள்ளிச் சட்டைக்கு அரைக்கைதான். விடிந்ததும் அம்மா பார்ப்பாள்.