இலை மட்டும் வளர்ந்த கேரட்

அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எதைக் காட்டினாலும் "ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்பார். அதனால் வாஷர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பெண்டாட்டி தையல்காரி, பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே முதுகு வளைந்தவள். பிள்ளை குட்டி இல்லை. நாள் முழுக்க இருவரும் வாய்ச்சண்டை போடுவார்கள். அதைவிட நல்ல பொழுதுபோக்கு அவர்களுக்குக் கிடையாது.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தையல் மெஷினுக்கு உறை போட்டாயிற்று. பின்பக்க வராந்தாவில் கட்டிலைப் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வாஷர் அந்த மீன்தொட்டியைக் கட்டினார். தொட்டித் தண்ணீர் பம்பு வழியாகச் செடிக்குப் போகும். மீனின் கழிவே செடிக்கு உரம். செடி சுத்தம் செய்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்கு வரும். மண்ணே வேண்டாம். குழாய் போடுகிறவருக்கு இதெல்லாம் கைவந்த கலைதானே!

"கீரை போடப் போறேன்" என்றார்.

"கீரையா? அதை யார் வேணும்னாலும் வளர்ப்பாங்க. கேரட் வளர்த்துக் காட்டுங்க பார்க்கலாம்" என்றாள் அவள்.

வீம்புக்காரரிடம் இப்படிச் சொல்லலாமா? உடனே போட்டார். முதலில் கூழாங்கல் நிரப்பிய தொட்டியில் விதைத்தார். கல் இடித்த இடத்திலெல்லாம் வேர் பிளந்துகொண்டது. முதல் கேரட்டைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்ததும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க இது, கேரட்டா கால்சட்டையா? ரெண்டு காலும் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!" என்று சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"உனக்கு நேரா ஒரு கேரட் வளர்த்துத் தரலைன்னா நான் பைப்பையே தொடமாட்டேன்" என்று வாஷர் சபதம் போட்டார்.

கல்லைக் கொட்டிவிட்டு, ஆழமான நீல டிரம்மில் சலித்த மணல் நிரப்பினார். தண்ணீர் அடியில் ஓடும்படி, மேல்மணல் ஈரம் கோக்காதபடி குழாயை மாற்றினார். செடி முளைத்தது. இலை என்றால் இலை, டிரம்மே தெரியாத அளவுக்குத் தழைத்தது. ஆனால் பிடுங்கிப் பார்த்தால் கீழே எலிவால் போல ஒரு நரம்புதான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "எடை ஏறியே ஆகணும். இப்படி இறங்கிக்கிட்டே போனா மருந்து ஏத்த முடியாது, உடம்பு தாங்காது. முட்டை கொடுங்க. நல்லா சாப்பிடுறாங்களா?"

"தட்டைக் கழுவவே வேண்டாம் டாக்டர், அப்படிச் சாப்பிடுறா" என்றார் வாஷர். பெருமைதான். வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு அவரே சமைத்தார். முட்டையை வேகவைத்து, அவளுக்குப் பிடிக்குமே என்று மிளகுத்தூள் தூவி, ரொட்டியோடு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார். திரும்பி வந்தால் தட்டு காலியாக இருக்கும். "இன்னிக்கு உப்பு தூக்கல்" என்று குறை வேறு சொல்வாள். அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் எடை மட்டும் ஏறவில்லை.

கேரட்டுக்கு என்ன கோளாறு என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தண்ணீரில் உரம் மிஞ்சினால் இலைதான் கொழுக்கும், வேர் பருக்காது. மீன்தீனியைப் பாதியாகக் குறைத்தார். பசியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க வேண்டும் அல்லவா? அவை அசையவே இல்லை, கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் போலக் கிடந்தன. தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, உர அளவைக் காட்டும் மருந்துத் துளி விட்டால், எப்போதையும்விட அடர்ந்த சிவப்பாக மாறியது. உரம் குறையவில்லை, கூடியிருந்தது.

யாரோ தீனி போடுகிறார்கள். மத்தியானம் அக்காவைப் பார்க்க வரும் மச்சினிதான் என்று முடிவு கட்டி, அவள் மீது எரிந்து விழுந்தார்.

"நான் அந்தத் தொட்டிப் பக்கமே போகல மாமா!" என்று அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். கட்டிலில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் தொட்டியின் வடிகட்டியைக் கழற்றினார். பஞ்சில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தார். முட்டையின் வெள்ளைக்கரு. அதில் கறுப்புக் கறுப்பாக மிளகுத்தூள்.

பஞ்சைப் பிடித்தபடியே வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலிலிருந்து கையை நீட்டினால் தொட்டி எட்டும். எட்டட்டும் என்றுதான் அவரே அங்கே கட்டியிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். மறைக்கப் பார்க்கவில்லை. "ஒரு வாய்க்கு மேல இறங்கலங்க. குமட்டுது."

"எங்கிட்ட சொல்லித் தொலைக்கக்கூடாதா? டாக்டர்கிட்ட நான் என்னவெல்லாம் அளந்துவிட்டேன் தெரியுமா!"

"தட்டு காலியா இருந்தா உங்க முகம் எப்படி ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதை நான்தானே பார்க்கிறேன்" என்றாள். "எனக்கு அது வேணும்."

அன்று அவர் சத்தம் போடவில்லை. அவள் காலடியில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். மாலையில் மச்சினி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மாமா வாழ்க்கையில் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. முட்டை மட்டும் நிற்கவில்லை. தினமும் வேகவைப்பார். அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். மீதியை இருவரும் சேர்ந்து மீனுக்குப் பிய்த்துப் போடுவார்கள். கேரட் வராது என்று அவருக்குத் தெரியும். அந்தச் சபதத்தை அவர் அப்போதே தலை முழுகிவிட்டார்.

பழைய செடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி விதைத்தபோது, "இந்தத் தடவை நான் போடுறேன்" என்றாள் அவள். ஊசியில் நூல் கோத்த விரல்கள். பொடிப்பொடி விதையைத் தையல் ஓட்டுகிற மாதிரி ஒரே சீராக வைத்தாள். முளை இரண்டு இலை விடும்வரை இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவர் வராந்தாக் கதவையே திறக்கவில்லை. மச்சினிதான் வந்து, மீன் சாகக்கூடாது என்கிற அளவுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டுப் போவாள். சில மாதம் கழித்து ஒருநாள், தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவரே கதவைத் திறந்தார். இலை மெலிந்து நின்றது. டிரம்மைக் காலி செய்ய ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அழுத்தி இழுத்தார்.

நீளமாக, நேராக, செக்கச்செவேலென்று ஒரு கேரட் வந்தது. ஒரு பிளவு இல்லை, ஒரு முடிச்சு இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் அப்படியே.

"அக்கா பார்த்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா மாமா!" என்றாள் பின்னால் நின்ற மச்சினி.

வாஷர் கையிலிருந்த கேரட்டைப் பார்த்தார். அவள் இருந்திருந்தால் இது வந்திருக்காது. அவள் தட்டில் மிஞ்சியது தொட்டிக்கு வருவது நின்றதால் வந்த கேரட் இது. இரண்டு கேரட்டையும் தையல் மெஷின் மேல் வைத்தார். மற்றதைப் பிடுங்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு முட்டையை வேகவைத்து, உரித்து, மிளகுத்தூள் தூவினார்.

தட்டை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு வாய் தின்றார். மீதியைப் பிய்த்து மீனுக்குப் போட்டார்.

"வேர் பருக்காதே மாமா" என்றாள் மச்சினி.

"பருக்க வேண்டாம்" என்றார்.