யாகோப்பு பாடம் செய்த புறா

யாகோப்பு என்ற பெயரை இருதயம்மாள் முதன்முதலில் கேட்டது பதுளைக் கோயிலில், இவர்கள் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையைச் சாமியார் முதல் தடவை வாசித்தபோதுதான். பேசி முடித்தவள் அப்பன் கூடப்பிறந்த அத்தை. மாப்பிள்ளை பெயரைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள். ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்தில் கண் தெரியாத அப்பனை விட்டு இருதயம்மாள் நகர முடியாது. அதனால் நமுனுகுலத் தோட்டத்து யாகோப்புதான் வீட்டோடு மாப்பிள்ளையாக வரவேண்டும். அதற்கு அவனுடைய துரை, போகலாம் என்று துண்டு எழுதித் தரவேண்டும். துண்டு இல்லாத ஆளை வேறு தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள்.

அந்தத் துரைக்குப் பறவைப் பைத்தியம். சுட்ட பறவையின் தோலை உரித்து, பாஷாணம் தடவி, பஞ்சடைத்துப் பாடம் செய்யும் கை யாகோப்புக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு, யாகோப்பு கோயில் மதிலோரம் நின்று இருதயம்மாளிடம் ஒரு சீட்டைக் காட்டினான். புள்ளிப்புறாவின் காலில் கட்டுவதாம்.

"என்ன போட்டிருக்கு?"

"துர்த்தூர் ஸூரத்தென்சிஸ். பூசையில சாமி சொல்ற லத்தீனு. துர்த்தூர்னா புறா. அது கத்துறது அந்தக் காலத்து ரோமாபுரிக்காரங்க காதுல அப்பிடி விழுந்துச்சாம், அதையே பேரா வச்சுட்டாங்கன்னு தொரை சொன்னாரு."

"மத்தது?"

"ஸூரத்து, ஊரு. மொத மொத அங்க புடிச்சதாம்."

"நம்ம மலையில பொரிச்ச குஞ்சுக்கு ஸூரத்தா?"

"நான் பொறந்தது நமுனுகுல லயத்து வீட்டுல. தோட்டத்துப் பேர்ப் புஸ்தகத்துல ஊரு இன்னும் திருச்சின்னுதான் கெடக்கு." சிரித்தவன் பிறகு மெதுவாகச் சொன்னான். "புறா வேலை முடியாம துண்டு இல்லைங்கிறாரு."

யோசனை சொன்னவள் இருதயம்மாள்தான். பாஷாணம் தடவாமல் விட்டால் பூச்சி அரித்துவிடும், இவன் கை கெட்டுப்போயிற்று என்று துரை துண்டு கொடுத்துத் தள்ளிவிடுவார் என்றாள். அவனும் அப்படியே செய்தான். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பெட்டி நிறைய இருந்த புறாக்களும் தூளாயின.

துரை ஏசவே இல்லை. ஈரம்தான் காரணம் என்று தானே முடிவு செய்துகொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். அடுப்பு மூட்டிப் பெட்டிகளைக் காயவைத்துக்கொண்டிருக்க அவனைப் பங்களாவின் பின்னறையிலேயே தங்க வைத்தார். ஞாயிறு லீவும் நின்றது. பதுளைச் சந்தைக்கு வந்த நமுனுகுலத் தோட்டத்து அழகையா கங்காணிதான் இதை இருதயம்மாளிடம் சொன்னார்.

"தொரை ஒன் மாப்பிள்ளைக்கும் பஞ்சடைச்சுட்டாரு புள்ள. இனி அசையமாட்டான்."

அவள் நேரே கோயிலுக்குப் போனாள். நாள் கடந்த ஓலை செல்லாது, மறுபடி வாசிக்கவேண்டும் என்றார் சாமியார். அதற்கு மாப்பிள்ளை நேரில் வரவேண்டும். யாகோப்பு வரவில்லை. துரை சீமைக்குப் போனபோது, பெட்டிகளோடு அவனையும் அடுத்த துரையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இருதயம்மாள் வேறு ஓலைக்குச் சம்மதிக்கவில்லை.

யாகோப்பு இப்போது நமுனுகுலத் தோட்டத்துப் புதைகாட்டில், பங்களாவுக்குக் கீழே, வேலியோரத்துக் குழியில் இருக்கிறார்.