பாஸ்போர்ட் விசாரணையும் பக்கத்துக் கடையும்

நடந்தவை:

1. மதுரையில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். தேனியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

2. சென்னைக் கம்பெனி ஒன்று அமெரிக்காவில் புரோகிராம் எழுதும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது. வேலை விசாவுக்கு மனுப் போடுவது அவர்கள் பொறுப்பு.

3. மனுவுடன் பாஸ்போர்ட் நகல் வைக்க வேண்டும். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை.

4. தேனி வீட்டு முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணை நடந்தது.

5. "திருமணமாகி வெளியூர் சென்றுவிட்டார். இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று போலீஸ் அறிக்கை போனது.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. பாஸ்போர்ட் ஆபீஸ் கடிதத்தில் அறிக்கையின் விவரம் தெரிந்த அன்று வீட்டு மேஜையில் இன்னொரு கடிதமும் இருந்தது. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நகல் வராவிட்டால் என் இடத்துக்கு வேறொருவரை அனுப்ப வேண்டியிருக்கும் என்று கம்பெனி எழுதியிருந்தது.

அப்பா மார்க்கெட்டில் வத்தலும் புளியும் மொத்த வியாபாரம் செய்கிறார். கடைக்குப் பின்னால்தான் வீடு. மறுநாள் நான் லீவு போட்டேன். இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். மஃப்டியில் ஆள் போயிருந்ததாகவும், கடையும் வீடும் பூட்டியிருந்ததால் பக்கத்துக் கடையில் விசாரித்ததாகவும் சொன்னார். அன்று அம்மாவும் அப்பாவும் ஆண்டிபட்டிக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

பக்கத்துக் கடை பெரியப்பாவுடையது. ரத்த உறவில்லை, அப்பா அவரை அண்ணாச்சி என்பதால் எனக்குப் பெரியப்பா. மளிகைக் கடை, வாசலில் சோடாவும் கலரும் விற்பார். நேராக அங்கே போனோம்.

"அண்ணாச்சி, நாங்க இல்லாதப்ப எம் மகளப் பத்தி யாராச்சும் கேட்டு வந்தாகளா?"

"வந்தாகளே. வெள்ளச் சட்ட, கக்கத்துல ஒரு பை. பொண்ணு எப்படி, எத்தன வருசமா இங்கன இருக்கு, கெட்ட பேரு ஏதும் உண்டான்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"நீங்கதான தம்பி சொன்னீக, மாப்ள வீட்டு ஆளுக யாரு வந்தாலும் தட்டிவிடுங்க, புள்ள மொதல்ல அமெரிக்கா போகட்டும்னு? கட்டிக் குடுத்தாச்சு, வெளியூர்ல இருக்குன்னு சொல்லிட்டேன். திரும்ப வர மாட்டாக."

"அண்ணாச்சி, அவுக போலீசு."

"போலீசா? காசு குடுத்துல்ல கலரு குடிச்சாக!"

எங்கள் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி முன்பின் தெரியாத ஆள் கடையில் வந்து கேட்டால் அது கல்யாண விசாரிப்புதான். கேட்பவர் தான் யார் என்று சொல்லிக்கொள்வதில்லை. பதில் சொல்பவரும் கேட்பதில்லை. பெரியப்பா தன்னிடம் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்யும் என்பதால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அம்மாவுக்கு வந்தது.

மறுவிசாரணை கேட்டு மனு எழுதினேன். ரேஷன் கார்டு, மில்லின் சான்று, பஸ் சீசன் டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தேன். கொஞ்ச நாளில் அதே வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். இந்த முறை பெரியப்பா கடையை விட்டு இறங்கி வந்து வரவேற்றார்.

"தங்கமான புள்ள சார். அதிர்ந்து பேசாது. மீன் கொழம்பு வச்சா தெருவே மணக்கும்."

மீன் குழம்பு வைப்பது அம்மா.

"அண்ணாச்சி, நான் பொண்ணு பாக்க வரல. இந்தப் பிள்ள இங்கன இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"இந்தா நிக்குதுல்ல சார்!"

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "அமெரிக்காவுல என்ன வேலம்மா?"

"கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறது சார்."

"அங்கன ஆளு இல்லியா?"

"பத்தலையாம் சார்."

"கல்யாணம்?"

நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பா சத்தமாகச் சொன்னார். "ஆகல சார்! ஆகவே இல்ல! வேணும்னா மார்க்கெட்டுல யார வேணும்னாலும் கேளுங்க!"

எதிர்க் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் எழுதி முடித்தார். அன்றும் கலர் குடித்தார். காசு வேண்டாம் என்று பெரியப்பா எவ்வளவோ சொல்லியும் வைத்துவிட்டுப் போனார்.

புது அறிக்கை போய்விட்டது என்று நான் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பாஸ்போர்ட்டின் நகல்தான் தேவை, அறிக்கை போனது போதாது என்றார். மாதம் முடிந்தது. என்னோடு தேர்வான கோயமுத்தூர்க்காரரின் பெயரில் மனுவை அனுப்பினார்கள். பாஸ்போர்ட் அதற்கடுத்த வாரம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. நகல் எடுத்து அன்றே கம்பெனிக்கு அனுப்பினேன்.

விசாரணை அன்று பெரியப்பா மார்க்கெட்டில் கத்திச் சொன்னதற்கும் பலன் இருந்தது. கம்பத்திலிருந்து ஒரு குடும்பமும் போடியிலிருந்து ஒரு குடும்பமும் ஆள் அனுப்பினார்கள். இப்போது வருகிறவர்களை அப்பா தானே உட்காரவைத்து, யார், எந்த ஊர் என்று முதலில் கேட்டுக்கொள்கிறார். பிறகு, மகள் வெளிநாடு போகக் காத்திருக்கிறாள் என்று உள்ளதைச் சொல்லி அனுப்புகிறார்.

அடுத்த வேலைக்கு என் பெயரில் கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அதற்குப் பதில் வரவில்லை. பதில் வந்தால்தான் விசாவுக்கு நேர்காணல். பாஸ்போர்ட் வீட்டு பீரோவில் இருக்கிறது. மில் வேலையை நான் இன்னும் விடவில்லை.