மகுடத்தில் ஒன்று கூடுதல்

வானத்தைப் பார்ப்பதை இனிய பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் மழைக்காலத்தில் கண்டிக்கு வந்து பார்க்கட்டும். எனக்கு அது சம்பளமில்லாத இரண்டாவது வேலையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தொண்டை காயப் படிப்பித்துவிட்டு, வீட்டில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, என் முறை நாட்களில் பொழுது சாயக் கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறுவேன். அங்கே இரும்புக்கடை வைத்திருந்த நானாவின் மொட்டை மாடிதான் எங்கள் மூன்று பேரின் இடம். கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டு, மற்ற இரண்டு பேருக்கும் போனில் "மாற்றமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது.

நாங்கள் பார்த்தது வட மகுடம் என்ற சின்ன நட்சத்திரக் கூட்டத்தை. கிண்ணம் போல வளைந்திருக்கும். அதன் ஓரத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. எண்பது வருடத்துக்கு ஒருமுறை என்ற அளவில் அது திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கும். ஒரு கிழமை, ஏழெட்டு நாள், எல்லோரும் பார்க்கலாம், பிறகு மங்கிப்போகும். முறை வந்துவிட்டது, இன்றோ நாளையோ என்று விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மகுடம் அந்தியில் உச்சிக்கு வரும் மாதங்களில்தான் எங்கள் ஊரில் மழை பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் பெரஹரத் திருவிழாவின் விளக்குகள். இருந்த ஒரே பைனாகுலரின் கண்ணாடிக்குள்ளும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, வெறுங்கண்ணே கதி என்றானது. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதையாகத்தான் முடியும் என்பார் நானா. ஆனாலும் தன் முறையை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

மூன்றாவது ஆள் ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் கந்தோர் கிளார்க் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். எங்களை இதற்குள் இழுத்துவிட்டவரும் அவர்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. இனியும் தள்ளிப்போட்டால் முற்றிவிடும், பார்வை மிஞ்சுமென்று சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஐயா கேட்கவில்லை. புரையை வெட்டி எடுத்தால் கண்ணில் கட்டுப் போட்டுக் கிழமைக்கணக்கில் உள்ளே இருக்கச் சொல்வார்கள், அந்த நேரம் பார்த்து அது வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் வாதம். எண்பது வருடத்துக்குப் பிறகு நான் எங்கே பிள்ளை என்று கேட்பார். தன் முறை நாட்களில் தடியை ஊன்றித் தனியே மாடி ஏறுவார், கொஞ்ச நேரம் நிற்பார், இறங்கிப் போய் "மாற்றமில்லை" என்று எங்களுக்குச் சொல்வார்.

ஒருநாள், என் முறையில், பெரிய மழையொன்று கொட்டி ஓய்ந்தது. இடியில் எங்கோ மின்மாற்றி எரிந்து ஊரே இருண்டது. படியில் தட்டுத்தடுமாறி ஏறி மேலே பார்த்தால், மகுடத்தின் வளைவில், கடைசி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஒன்று கூடுதலாக நின்றது. நானாவைக் கூப்பிட்டேன், அவரும் பார்த்தார். ஐயாவுக்குப் போன் எடுத்தோம். ஆட்டோ பிடித்து வந்தார். கதிரையில் உட்காரவைத்தோம். நான் சொன்ன பக்கம் முகத்தைத் தூக்கினார்.

"ஓம், தெரியுது. நல்ல வெளிச்சம்" என்றார். அவர் கன்னம் நனைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது.

நானா இதற்கிடையில் வான வரைபடத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், இது புதுசில்ல. எந்த நாளும் அங்கதான் இருக்குது. ஊர் லைட்டுல நாங்க இதைக் கண்டதே இல்ல."

கொஞ்சம் மங்கலான, சாதாரண நட்சத்திரம். புகையும் விளக்கும் கலந்த கட்டுகஸ்தோட்டை வானத்தையே வானமென்று பழகிய எங்களுக்கு, கழுவிவிட்ட வானம் அதிசயமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய கவலை, ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்பது. சொல்லாமல் விட்டால் நிம்மதியாகப் போய்ப் புரையை வெட்டிக்கொள்வார். ஆனால் பொய்யில் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போய்க் குந்தி, விஷயத்தைச் சொன்னேன்.

ஐயா தூக்கியிருந்த முகத்தை இறக்கினார்.

"எனக்கு அதுவும் தெரியேல்லை பிள்ளை" என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் சந்தோசமாய் நிண்டியள். அதுதான் ஓம் எண்டனான்."

எவ்வளவு காலமாகத் தெரியவில்லை என்று கேட்டேன். போன மழைக்காலத்துக்கு முதலே மகுடம் கண்ணிலிருந்து போய்விட்டதாம், இப்போது நிலவு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதாம். சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டிருப்போம் என்றுதான் மறைத்தாராம். அப்படியென்றால் ஐயாவின் நாட்களில் உண்மையில் யாருமே பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒன்றுமே தெரியாத வானத்துக்கு அந்தப் படியெல்லாம் ஏறியிருக்கிறாரே என்று நினைத்ததும், ஆத்திரம் வேறு எதுவோவாகிவிட்டது.

"அது வெடிக்கிறப்ப உங்களுக்குக் கண்ணு வேணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த கிழமையே நானாவும் நானும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் ஒரு கண், பிறகு மற்றது. அவருடைய நாட்களுக்கும் சேர்த்து நானே மாடி ஏறினேன். அந்தக் காலம் பார்த்து வானம் அநியாயத்துக்குத் தெளிந்து கிடந்தது. அலுப்பும் குறையவில்லை, கழுத்து வலியும் குறையவில்லை. இத்தனை நாளும் வெடி, வெடி என்று நான் கெஞ்சிய அந்த நட்சத்திரத்திடம், ஒவ்வொரு அந்தியும், இன்றைக்கு வேண்டாம், தயவுசெய்து இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் அண்ணாந்து பார்த்தேன்.