ஏசு வாட்டர் சப்ளையின் வருகைப் பதிவு

கோவிலம்பாக்கத்தில் ஏசுபாதத்தின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு செல்போன். அவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். மேடவாக்கம் அடுக்ககங்களிலிருந்து ஆர்டர் வருவதெல்லாம் அதில்தான். எனவே கொரோனாவில் பள்ளி மூடி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் போனுக்குள் வந்தபோது, போன் போகுமிடமெல்லாம் அவர் மகள் ஜாஸ்மினும் போகவேண்டியதாயிற்று. காலை எட்டரைக்கு லாரியில் ஏறி, அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் நோட்டை விரிப்பாள்.

ஆர்டர் அழைப்பு வந்தால் பாடம் அறுந்துபோகும். பம்ப் ஓடினால் ஒன்றும் கேட்காது. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கேட்காமல் போன இடத்தில் நான்கு வரி காலி விட்டு, ஓரத்தில் மணியையும் காரணத்தையும் குறித்துவிடுவாள். மாலையில் தோழி ஜெனியிடம் கேட்டு அவற்றை நிரப்புவாள். பெரிய புத்திசாலி என்று அவளைச் சொல்வதற்கில்லை. ஆனால் தனக்குத் தெரியாததைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளும் ஒழுங்கு, நிறையப் படித்தவர்களிடமும் காணக் கிடைப்பதில்லை.

அக்டோபரில் இயற்பியல் வாய்மொழித் தேர்வு. ஆசிரியை டெபோரா வரிசையாகப் பெயர் வாசித்தார். ஜாஸ்மின் பெயர் வரவேயில்லை.

"மிஸ், என்னைக் கூப்பிடலையே?"

"யாரு, ஜாஸ்மினா? ஜூன்லேர்ந்து நீ கிளாஸுக்கே வரலையேம்மா. அட்டெண்டன்ஸ் இல்லாதவங்களுக்கு டெஸ்ட் கிடையாதுன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. மார்க்கும் ஜீரோதான்."

"தினம் வரேன் மிஸ்."

"ஸ்க்ரீன்ல உன் பேரே இல்லையே. 'ஏசு வாட்டர் சப்ளை'ன்னு ஒண்ணு தினமும் வந்து நிக்குது. யாரோ லாரிக்காரர் தெரியாம லிங்க்கை அமுக்கிட்டாரு, பாவம், கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"மிஸ், எங்க வீட்டுக்கு ஒரு லோடு சொல்லுங்க!" என்றான் ஃபிரெடி. வகுப்பே சிரித்தது.

ஜாஸ்மினுக்கு முகம் சுட்டது. போனில் இருந்தது அப்பாவின் வியாபாரப் பெயர். அதுதான் வகுப்பிலும் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. நோட்டைப் புரட்டினாள்.

"ஆகஸ்ட் இருபது. காஸ் விதி நடத்தினீங்க மிஸ். பத்து பன்னிரண்டுக்கு பம்ப் சத்தம், கேக்கல. பத்து இருபதுக்கு உங்க வீட்டுக் குக்கர் விசில் அடிச்சுது, எழுந்து போனீங்க. செப்டம்பர் மூணு..."

"போதும்மா!" டெபோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குக்கரைக் கூடவா எழுதுவே?"

"பாடம் எங்கெங்க நின்னுதோ எல்லாம் எழுதுவேன் மிஸ்."

டெபோரா வருகைப் பதிவைத் திறந்தார். "தப்பு என்னோடது. அந்த வாட்டர் சப்ளை வந்த நாளெல்லாம் உன் பேர்ல போட்டுடறேன். டெஸ்ட்டும் வேணாம், மார்க் குடுத்துடறேன்."

"வேணாம் மிஸ். கேள்வி கேளுங்க."

லாரி ஓர் அடுக்ககத்தின் வாசலில் நின்றிருந்தது. சரியாக அப்போது ஏசுபாதம் பம்பைப் போட்டார்.

"அப்பா, டெஸ்ட்!"

அவர் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். முதல் மாடியிலிருந்து, தண்ணீருக்குச் சொல்லியிருந்த ஷ்யாம்சுந்தர் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, தண்ணி தீர்ந்துபோச்சா?"

"தண்ணி கீது சார். பொண்ணு பரீட்சை சொல்லிகினு கீது. அஞ்சு நிமிசம், பேஜார் பண்ணாத சார்."

நான்கு கேள்விகள். மூன்றுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னாள். நான்காவதற்கு, "தெரியல மிஸ்" என்றாள்.

"இன்னாமா ஆச்சு?" ஏசுபாதம் ஜன்னலருகே வந்தார்.

"நாலுல மூணுப்பா."

அவர் பம்பைப் போடப் போனவர் நின்று, மாடியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "சார், நாலுல மூணு!"