முகத்தைக் காட்டிய தையல்காரி

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளை மாமியார் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் தையல் வேலை. ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் படுக்கை விரிப்புகள் தைத்துக்கொண்டிருந்தவள், தொற்றுக் காய்ச்சல் பரவியதும் உச்சி முதல் பாதம் வரை மூடும் பாதுகாப்பு உடுப்புகள் தைத்தாள். தைத்து முடித்ததும் மடிப்புகளில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். ஒரு சொட்டு கசிந்தாலும் பிரித்துவிடுவாள்.

கணவன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். ஆழ்ந்த விசுவாசி. அவளுக்கோ சந்தேகத்துக்குக் குறைவில்லை.

“கடவுளே மனுஷனாப் பொறந்து, நம்ம பாவத்தைத் தன்மேல போட்டுக்கிட்டுச் சிலுவையில செத்து, உயிரோட எழுந்தார். அதை நம்பினா இரட்சிப்பு” என்பான் அவன், பஸ் நம்பர் சொல்வதுபோல.

“எல்லாம் செய்ய முடிஞ்சவர்தானே? மேலேருந்தே ‘மன்னிச்சேன், போ’ன்னு சொல்லக் கூடாதா? எதுக்கு இறங்கி வந்து அடி வாங்கணும்?”

“பாஸ்டர்கிட்ட கேளேன்.”

“அவர் ஆரம்பிச்சா அடுப்புல வெச்சது கருகிடும்!”

அந்த வாரமே அவர்களுடைய நான்கு வயது மகளைக் காய்ச்சல் பிடித்தது. கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறையில் போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அவள் தைத்த உடுப்பில் போனார்கள். குழந்தை அலறியது. மருந்தைத் துப்பியது. கையில் குத்திய ஊசியைப் பிடுங்கி எறிந்தது.

“மருந்து உள்ள போகலேன்னா என் கையில ஒண்ணுமில்லம்மா” என்றார் டாக்டர்.

அவள் கண்ணாடிக்கு வெளியே அங்குமிங்கும் நடந்தாள். தட்டினாள். கெஞ்சினாள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் உடுப்பு மாட்டி அவளையே உள்ளே அனுப்பினார்கள்.

“கண்ணு, அம்மாடா!”

குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. குழந்தை வீரிட்டது. “நீ பேய்! போ! எங்க அம்மா வேணும்!” என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

பாவி, எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாள்! நோயை மட்டுமா தடுத்தது? தாயின் வாசனைகூட அதைத் தாண்டி வெளியே வரவில்லை. அவள் கழுத்துப் பட்டையை இழுத்தாள்.

“அக்கா, வேணாம்! உங்களுக்கும் ஒட்டிக்கும்!” நர்ஸ் கண்ணாடியில் அறைந்தாள்.

அவள் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். கட்டிலுக்கடியில் முகத்தோடு முகம். கொதிக்கும் சின்னக் கை அவள் மூக்கைத் தடவியது.

“அம்மா… எங்க போன?”

மருந்து தொண்டையில் இறங்கியது.

மகள் தேறினாள். தாய் விழுந்தாள்.

இப்போது கண்ணாடிக்கு வெளியே கணவன் நிற்கிறான், இடுப்பில் குழந்தையோடு. ஜெபிக்க வாயெடுத்தால் ‘எனக்காக மரித்தவரே’ என்பதில் ‘எனக்காக’ என்ற சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு சுலபமாகச் சொன்னான்!

“அப்பா, அம்மா ஏன் படுத்திருக்கு?”

“உன்னத் தூக்கப் போய்…”

“வெளிய வருமா?”

“வருவாடா. வருவா.”

உள்ளே அவள் புரண்டு படுத்தாள். அந்த நிலையிலும் சும்மா இருக்க முடியவில்லை. விரலை நீட்டி எரிச்சலோடு எதையோ சுட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். குழந்தையின் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

ஒவ்வொன்றாகக் கழற்றி, அவள் பார்க்கப் பார்க்க, மறுபடி போட ஆரம்பித்தான்.