ஏழாம் எண் சாவி அட்டை

ஒருநிமிஷம் என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் வாயிலிருந்து எப்போதும் வரும் சொல். மருந்துக் கிடங்கில் எந்தக் கருவி மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், பையை இறக்குவார், "ஒரு நிமிஷ வேலைங்க" என்பார். அந்த ஒரு நிமிஷம் சில நாள் மதியச் சாப்பாட்டைத் தாண்டும், சில நாள் அடுத்த வாரத்துக்கே போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். சம்பளப் பட்டியலில் அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் யாருக்கு அது ஞாபகம்? வாசல் காவலாளிகூட "ஒருநிமிஷம் வந்துட்டாரு" என்றுதான் சொல்வார். மனிதர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் மூக்கு நுனி சிவந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் அந்த யோசனையை நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். கிடங்கின் பின்பக்கம் ஒரு குளிரறை. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தெல்லாம் அதில்தான். அதற்குப் பொறுப்பு ஒருநிமிஷத்தின் மனைவி. கிடங்கில் அவரை ஸ்டோர்காரம்மா என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் குளிரறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அன்றைக்கே இடி விழுந்தது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், முன்வரிசைப் பெட்டிகளில், சூடு பட்டால் நிறம் மாறுகிற வெப்பச் சில்லுகள் வெள்ளையாக இல்லாமல் கறுத்துக் கிடந்தன. இடையில் எப்போதோ உள்ளே சூடு ஏறியிருக்கிறது. மருந்து வீண்தான், அதை இனி யாராலும் காப்பாற்ற முடியாது. கதவைத் திறந்துபோட்டது யார் என்பதுதான் கேள்வி.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒன்பது மணிக்கே, மேலே ஸ்டோர்காரம்மாவின் பெயர் மட்டும் எழுதிய ஒரு தாளை அவர் மேஜைமேல் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கதவைச் சரியாகச் சாத்தாமல் போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நீக்கம். போடாவிட்டாலும், வேறு ஆள் என்று காட்டச் சான்று இல்லாவிட்டால் அதே நீக்கம்தான். பதினெட்டு வருஷ வேலை, ஒரு நாள் தாமதம் கிடையாது.

"சாத்தினேன் சார். சாத்திட்டு இழுத்தும் பார்த்தேன். செய்யாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அந்தம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

அந்தச் சான்று இருக்கிற இடம் ஒரு பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுள்ள சின்னக் கம்ப்யூட்டர், குளிரறைச் சுவரில் மாட்டியிருக்கும். உள்ளே எவ்வளவு குளிர், கதவு எப்போது திறந்தது, எப்போது சாத்தியது, எந்தச் சாவி அட்டை திறந்தது, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருக்கும். மணிக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். இடியில் அதன் நெட்வொர்க் கார்டு கருகிப்போனதால் வெள்ளி இரவிலிருந்து எதுவும் போகவில்லை. மூன்று நாள் பதிவும் பெட்டிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது.

அதுவும் எங்கே? கரண்ட் போனால் துடைத்துக்கொண்டு போய்விடுகிற தற்காலிக நினைவகத்தில்! அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் நம்ம ஒருநிமிஷமேதான். ஓயாமல் எழுதி எழுதி மெமரி கார்டு வருஷத்துக்கு ஒன்று செத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், "மணிக்கொரு தரம் அனுப்பிடுதே, அப்புறம் எதுக்குக் கார்டைத் தேய்க்கணும்?" என்று பதிவை நினைவகத்துக்கு மாற்றிவிட்டார். அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது அந்தப் பெட்டியை ஒருமுறை ஆஃப் பண்ணினால் மனைவியின் வேலை போச்சு.

போதாததற்கு மின்காரர் வேறு வந்து நின்றார். இடியில் கருகிய மெயின் போர்டை மாற்றியாக வேண்டும். "ஒரு மணிக்கு லைனை நிறுத்தறேண்ணே. எரியற வாடை வருது, அதுக்கு மேல தாங்காது. உங்க பாஷையில சொன்னா, ஒரு நிமிஷம்கூடக் கிடையாது" என்றார். அவர் சொன்னதற்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பெட்டியின் பேட்டரி போன வருஷமே செத்தாச்சு. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததோடு சரி.

"பதிவை என் லேப்டாப்ல எடுத்துத் தந்துடட்டுமா சார்?" என்று கேட்டுப்பார்த்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அவங்க வீட்டுக்காரர். உங்க கை பட்ட பதிவை நான் எப்படிங்க நம்பறது? பெட்டி நேரா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அங்கிருந்து வந்தா ஏத்துக்கறேன்."

நியாயம்தான்.

ஆக, கார்டை வேலை செய்ய வைத்தாக வேண்டும். குளிரறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்து, திறந்திருந்த கதவு வழியாகப் பட்டைக் கேபிளை உள்ளே பெட்டிக்கு இழுத்தார். பெட்டியை ஆஃப் பண்ணாமலே புதுக் கார்டை சனிக்கிழமையே அதில் செருகியாயிற்று. ஆமாம், சனிக்கிழமை. தலைமை அலுவலகத்துக்குப் பதிவு போகவில்லை என்று தெரிந்ததும் விடுமுறை நாளென்று பாராமல் வந்து பார்த்திருந்தார். குளிரறைக்குள் தனியாகப் போகக்கூடாது என்பது விதி. எதற்கு வீண் பேச்சு வாங்குவானேன் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. காவலாளியும் காலையில் அதிகாரியிடம் "வெளியாள் யாரும் வரலைங்க" என்றுதான் சொன்னார். ஒருநிமிஷம் என்ன வெளியாளா?

கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் வேண்டும், அதாவது அந்தக் கார்டோடு எப்படிப் பேசுவது என்று பெட்டிக்குச் சொல்லித் தருகிற சின்ன நிரல். கார்டோடு வந்த டிரைவர் புதிய சிஸ்டத்துக்கானது, பெட்டியில் இருப்பதோ அரதப் பழசு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து பழசுக்கென்றே ஒன்றைத் தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். ஏற்றினார். பெட்டி ஒரே வரியில் திருப்பி அடித்தது: பதிப்பு பொருந்தவில்லை.

உற்றுப் பார்த்தால், பெட்டியின் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒரு வால், கூடுதலாக நாலைந்து எழுத்து. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சிஸ்டத்தில் இவரே கைவைத்தபோது ஒட்டிக்கொண்ட வால்தான் அது. வலுக்கட்டாயமாக ஏற்றலாம், ஏறும். ஆனால் ஏறிய வேகத்தில் மொத்தமும் உறைந்துபோனால் ஆஃப் பண்ணித்தான் எழுப்ப வேண்டும். கை விரல் அந்தக் கட்டளைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வாலையும் சேர்த்து டிரைவரை முதலிலிருந்து மறுபடி தயாரித்தார். நாற்பது நிமிஷம் ஓடிப்போனது.

கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி வந்து நின்றார். "என்னங்க, ஆயிடுமா?"

"பார்க்கறேன்."

"எப்பவும் சொல்லுவீங்களே, ஒரு நிமிஷம்னு. அதைச் சொல்லுங்களேன். இன்னைக்கு நான் கிண்டல் பண்ண மாட்டேன்."

பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரலை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "ஒரு நிமிஷம்மா" என்றார், நிமிராமலே.

புது டிரைவரை அந்த மெல்லிய கேபிள் வழியாகத்தான் எழுத்தெழுத்தாக உள்ளே தள்ள வேண்டும், வேறு வழி கிடையாது. பதினைந்து நிமிஷம் போய்ச் சேர்ந்தது, சரிபார்த்தால் நடுவில் ஏதோ சிதைந்திருந்தது. பன்னிரண்டு பத்து. மறுபடி தள்ளுவதற்கு முன், உள்ளே இடம் போதுமா என்று பார்க்க நினைவகத்தைத் திறந்தார். பதிவுக் கோப்பு கண்ணில் பட்டது. எவ்வளவு பெரிசு என்று பார்க்கத்தான் போனார், கடைசிப் பக்கங்கள் திரையில் ஓடி நின்றன.

வெள்ளிக்கிழமை மாலை கதவு சாத்தியிருக்கிறது. குளிர் ஐந்து டிகிரி, இரவெல்லாம் ஐந்து, சனிக்கிழமை காலையும் ஐந்து. அப்படிப் போடு, அவள் சொன்னது சரி! மனிதருக்கு எழுந்து கூவ வேண்டும்போல இருந்தது. அடுத்த வரியைப் படித்தார்.

சனி, மூன்று பன்னிரண்டு. கதவு திறந்தது. சாவி அட்டை ஏழு. அதற்குப் பிறகு சாத்தியதாகக் குறிப்பே இல்லை. எட்டு டிகிரி, பதினொன்று, பதினாறு, பத்தொன்பது. ஏழு நாற்பதுக்குத்தான் கதவு சாத்தியது.

ஏழாம் எண் அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது.

சனிக்கிழமை உள்ளே குளிர் தாங்காமல், இதே பட்டைக் கேபிளைக் கதவிடுக்கில் விட்டுச் சாத்தி, வெளியே உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். காகிதம் மாதிரிக் கேபிள், ரப்பர் அமுக்கிக்கொள்ளும் என்று நினைத்தார். கார்டு வாங்கக் கடைக்கு ஓடியபோதும் அதை அப்படியே விட்டுப் போனார், ஒரு நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று. கடைக்காரர் தன் குடோனுக்குப் போய்த் தேடி எடுத்துவர ஏழு மணி ஆயிற்று. திரும்பி வந்து அவசரமாகக் கார்டைச் செருகி, கேபிளை உருவிக் கதவைச் சாத்தினார், பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. இப்போது கதவின் ஓரத்தை எட்டிப் பார்த்தார். ரப்பரில் கேபிள் அகலத்துக்கு ஒரு பள்ளம் பதிந்திருந்தது.

அடப்பாவி! பாடுபட்டு உயிர்ப்பித்துக்கொண்டிருப்பது தனக்கு எதிரான சாட்சியையா?

அவர் எதையும் அழிக்க வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் மெதுவாக வேலை பார்த்தால் போதும். ஒரு மணிக்கு மின்காரர் லைனை நிறுத்துவார், பதிவு போய்விடும், "முயற்சி பண்ணினேன் சார், நேரம் பத்தலை" என்று கையை விரிக்கலாம். மெதுவாக வேலை பார்ப்பதற்குப் பேர்போனவர் ஆயிற்றே, எவன் சந்தேகப்படுவான்? வேலை போகும், மனைவிக்கு. ஆனால் அவருடையது இருக்கும். இருவரில் ஒருவர் சம்பளம் போதாதா என்றுகூட அந்த மனம் கணக்குப் போட்டது. போட்டதை நினைத்து அவருக்கே காது மடல் சுட்டது. வராந்தாக் கோடியில் மனைவி, எழுதாத தாளுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

டிரைவரை மறுபடி தள்ளினார். இம்முறை வேகத்தைக் குறைத்து, சிதையாமல் போகட்டும் என்று. இருபது நிமிஷம். ஒவ்வொரு வரியும் ஊர்ந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குச் சரிபார்த்தார், பொருந்தியது. ஏற்றினார். பெட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் எதுவும் போகவில்லை.

"அண்ணே, பதினைஞ்சு நிமிஷம்தான்" என்று மின்காரர் குரல் கொடுத்தார்.

கார்டுகளின் பட்டியலைப் பார்த்தார். புதுக் கார்டு இரண்டாவது என்ற பெயரில் வந்து நின்றிருந்தது. முதலாவது என்ற பெயர் செத்துப்போன கார்டுக்கே ஒதுக்கிவைத்தபடி கிடந்தது. அனுப்பும் நிரலோ முதலாவதைத் தவிர வேறு எதையும் பார்க்காது. இதையும் எழுதிவைத்தவர் இவரேதான், வேறு யார்? அந்த ஒதுக்கீட்டை நீக்கி, புதுக் கார்டை இறக்கி, முதலாவது என்று பெயர் மாற்றி, மீண்டும் ஏற்ற வேண்டும். நாலே வரி. மூன்றை அடித்தார். நாலாவதை அடித்துவிட்டு விரலை எடுத்தார். கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

"முடியலைன்னா விட்டுடுங்க" என்றார் அதிகாரி, பின்னாலிருந்து. நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார்.

"முடிஞ்சுது சார்" என்று என்டரைத் தட்டினார்.

பதிவு போவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தேழுக்கு அதிகாரியின் போன் ஒலித்தது. தலைமை அலுவலகம். அவர் பேசிக்கொண்டே ஸ்டோர்காரம்மாவின் மேஜைக்கு நடந்தார், ஒருநிமிஷமும் பின்னாலேயே போனார். சரியாக ஒரு மணிக்கு விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் அதிகாரி போனைப் படித்தார்.

"வெள்ளிக்கிழமை நீங்க சரியாத்தாம்மா சாத்தியிருக்கீங்க. சனிக்கிழமை மூணு பன்னிரண்டுக்கு யாரோ திறந்திருக்காங்க. ஏழாம் எண் அட்டை. அது யாரோடது?"

அட்டைப் பதிவேடு ஸ்டோர்காரம்மாவிடம்தான். திறந்து பார்க்கத் தேவையே இல்லை, எல்லா எண்ணும் அவருக்கு மனப்பாடம். இல்லாத விளக்கைத் தேடுவதுபோல் மேலே பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். இன்னும் ஒரு நொடி விட்டால் அவள் "அவர் அட்டையை நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்று சொல்லிவிடுவாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னோடது சார்" என்று அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கேபிளைக் கதவுல விட்டுட்டுப் போயிட்டேன். இவளுக்குத் தெரியாது."

அதிகாரி அட்டையை எடுத்து எண்ணைப் பார்த்தார். "இது தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பன்னிரண்டு பத்துக்குத் தெரியும் சார்."

ஸ்டோர்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தன் முன்னால் கிடந்த தாளில் தன் பெயரை ஒரே கோடாக அடித்தார், பேனாவோடு சேர்த்துப் புருஷன் பக்கம் நகர்த்தினார், நாற்காலியை விட்டு எழுந்து அதில் அவரை உட்காரச் சொன்னார்.

"நிதானமா எழுதுங்க" என்றார். "எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்."